முட்டு மேஸ்திரி வாங்கிய வீடு

கூரை என்று ஒன்றைக் கண்டால், அதைத் தட்டிப் பார்த்துச் சத்தம் கேட்காமல் அதன் கீழே உட்கார மாட்டேன் என்று ஆயுள் முழுக்கப் பிடிவாதமாக இருந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் முட்டு மேஸ்திரி. மகாராஜாவே தர்பாருக்குக் கூப்பிட்டிருந்தாலும், முதலில் தர்பார் மண்டபத்துத் தூணைத் தட்டிவிட்டுத்தான் மகாராஜாவுக்குக் கும்பிடு போட்டிருப்பார்.

நான் அப்போது கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம், டைம் ஆபீஸ் குமாஸ்தா. மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. எந்த ஷிப்டில் யார் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனார்கள், யார் மேலே வந்தார்கள் என்று ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. அதனால் எல்லாருக்கும் நான் 'ரைட்டர்'. என் ரிஜிஸ்தரில் மேஸ்திரிக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரை என்று அவரே சுற்றுமுற்றும் பார்ப்பார். சுரங்கத்தில் பாறையைக் குடைந்துகொண்டு போகப் போக, மேலே இருப்பது ஆட்களின் தலையில் விழாமல் மரக்கட்டைகளை நிறுத்தி முட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு அவர் மேஸ்திரி. ஆகவே முட்டு மேஸ்திரி.

ஆள் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அது ஊரில் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் லெவல் என்கிற தாழ்வான சுரங்கப் பாதைகளில் குனிந்தே நடந்து பழகி, மேலே வந்து வெட்டவெளியில் போகும்போதும் குனிந்துதான் போவார். "ஏன் மேஸ்திரி, வானம் தலையில் இடிக்குமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இடிக்காதுதான் ரைட்டரே. ஆனா அதுக்கும் கீழ ஒரு முட்டும் காணோமே!" என்றார்.

சுரங்கத்தில் கூரைப் பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் பாறை கெட்டி. பொத் என்றால் ஓடிவிட வேண்டும். அந்தப் பழக்கம் மேஸ்திரியோடு கேஜில் ஏறி மேலேயும் வந்துவிட்டது. பரங்கிக்காய் வாங்கினால் தட்டுவார். சரி, எல்லாரும் தட்டுகிறார்கள். அவர் செருப்பு வாங்கினாலும் தட்டுவார். ரயிலில் ஏறினால் பலகைமேல் ஏறி நின்று பெட்டியின் கூரையைத் தட்டுவார். எங்கள் சபையின் சின்னக் கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், பாதிரியார் வாயைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து போய் நாலு தூணையும் வரிசையாகத் தட்டிவிட்டு, "நல்ல சத்தம் சாமி. நீங்க ஆரம்பிக்கலாம்" என்று உத்தரவு கொடுத்தார்.

ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் நடந்த இன்னொரு கல்யாணத்தில், பந்தல் தொய்ந்திருப்பதாக அவருக்குப் பட்டுவிட்டது. எங்கிருந்தோ ஒரு கட்டையைத் தோளில் தூக்கி வந்து, மணவறைக்கு நட்ட நடுவில் நட்டு, மேலே ஆப்பு வைத்து அடித்துவிட்டார். கட்டைக்கு அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் மாப்பிள்ளை. மாப்பிள்ளை கட்டையைக் கட்டிக்கொண்ட மாதிரி இரண்டு கையையும் சுற்றி விட்டுத்தான் தாலி முடிச்சைப் போட்டான். நல்ல வேளை, முடிச்சு பெண் கழுத்தில்தான் விழுந்தது.

ஊருக்கெல்லாம் முட்டுக்கொடுத்த இந்த மனிதருக்கு வீடு என்று ஒன்று இல்லை. மனைவி பச்சையம்மா ஆம்பூர்ப் பக்கம் தாய் வீட்டில் இருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை இங்கே வந்து பார்த்திருக்கிறார். அப்போது லைனில் மூங்கில் தட்டிக் குடிசைகள். இந்தக் குடிசையில் வெங்காயம் நறுக்கினால் அடுத்த குடிசையில் கண்ணீர் வரும். எட்டாம் நாள் மத்தியானம், ஷிப்டு முடித்து வந்து தூங்கிய பக்கத்துக் குடிசைக்காரர் புரண்டு படுத்தார். அவருடைய முழங்கை தட்டியைப் பிய்த்துக்கொண்டு பச்சையம்மாவின் சோற்றுப் பானைமேல் வந்து இறங்கியது. பச்சையம்மா மூட்டையைக் கட்டிவிட்டார்.

"சாஞ்சா சாயாத செவுரு ஒண்ணு எப்ப கீதோ, அப்ப ஆளனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். மூன்று வருஷம் மேஸ்திரியால் ஆளனுப்ப முடியவில்லை. புது வீடு கட்டுவதென்றால் அவருடைய சம்பளத்தில் சுவர் முழங்கால் உயரத்துக்கு வருவதற்குள் அவருக்கு முடி நரைத்துவிடும். அப்போதுதான், பூதிகோட்டைக்குப் போகும் பாதையில், லைனைத் தாண்டி, ஓர் இடிந்த வீடு விலைக்கு வருகிறது என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. புது வீட்டு விலையில் கால்வாசி கூட இல்லை.

"ரைட்டரே, முக்கால்வாசி மிச்சம்!" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினார். இந்த 'மிச்சம்' என்ற வார்த்தையை அதற்கப்புறம் அந்த மனிதர் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் பூதிகோட்டை வெங்கடப்பா, ராகியும் விறகும் வண்டியில் கொண்டுவந்து விற்கிறவர். நான் பார்த்த விற்பனைக்காரர்களிலேயே அவர்தான் மகா யோக்கியர். வீட்டை விற்காமல் இருக்க அவர் எவ்வளவோ பாடுபட்டார்.

"இப்பவே செப்பிடறேன் சாமி, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. கூரை லேது. கதவு லேது. ஜன்னல் இருந்துச்சு, அதை எவனோ எடுத்துக்கினு போயிட்டான். நாலு செவுரு கீது. அதுவும் இன்னிக்கு கீது."

உள்ளே ஏழு ஆடுகள் குடியிருந்தன. "ஆடு யாருது?" என்று கேட்டேன். "என்னுது இல்லை. வீட்டோடது" என்றார் வெங்கடப்பா.

மேஸ்திரி ஒரு மணி நேரம் சுவர் சுவராகத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் கையைத் தட்டி மண்ணை உதறிக்கொண்டு, "மூணு செவுரு கெட்டி. பின்பக்கத்துது கொஞ்சம் நோஞ்சான். நாலுல மூணு தேறிச்சுன்னா இன்னா கொறச்சல்?" என்றார். வெங்கடப்பா தலையில் கை வைத்துக்கொண்டு விற்றார்.

கூரை போடும் கட்டம் வந்தது. சுரங்கத்தின் மர யார்டில், கீழே போட்டு எடுத்த பழைய முட்டுக்கட்டைகளை விறகு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். யார்டு துரையிடம் சீட்டு வாங்கி, இருபத்தேழு கட்டைகளை வண்டியில் ஏற்றி வந்துவிட்டார் மேஸ்திரி. தேக்கு மாதிரி உறுதியான கட்டைகள். ஒரே ஒரு சங்கடம், எல்லாம் லெவலின் உயரத்துக்கு அறுத்தவை. ஒவ்வொன்றும் ஐந்தே கால் அடி. வீட்டின் சுவரோ ஏழடி.

ஆகவே, ஏழடிச் சுவருக்கு உள்ளே ஐந்தே கால் அடியில் கூரை உட்கார்ந்தது. வாய் அகன்ற பானைக்குள் மூடி விழுந்துவிட்ட மாதிரி இருந்தது வெளியிலிருந்து பார்க்க.

"மேஸ்திரி, கூரை சுவருக்கு மேலே அல்லவா இருக்க வேண்டும்?" என்றேன்.

"செவுர நம்பி கூரைய வெக்கறது மேல இருக்கறவங்க பழக்கம் ரைட்டரே. எங்க தொழில்ல செவுரு வேற, கூரை வேற. அது போனாலும் இது நிக்கணும். நீளக் கட்டை வாங்கினா எவ்ளோ செலவு தெரியுமா? இது மிச்சம்."

மேலே பழைய தகரத்தைப் போட்டு, வாசலுக்கு ஒரு பழைய கதவையும் வைத்து வேலையை முடித்துவிட்டார். சம்மட்டிச் சத்தம் தாங்காமல் ஆறு ஆடுகள் குடி பெயர்ந்துவிட்டன. ஒரு கறுப்பு ஆடு மட்டும் போகவில்லை. அதற்கு அந்த உயரம் சரியாக இருந்தது. மேஸ்திரிக்கும் சரியாக இருந்தது, ஏனென்றால் அவர்தான் குனிந்தே பழகியவர் ஆயிற்றே! வாசலிலிருந்து அடுப்பங்கரை போவதற்குள் நான் மூன்று இடத்தில் மோதிக்கொண்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது.

"ஐயையோ, பச்ச நிமுந்து நடக்கற பொம்பள ஆச்சே!"

"கூரையைத் தூக்கிவிடுங்கள்" என்றேன்.

"மேல தூக்கறது செலவு. கீழ எறங்கறது நம்ம கைத்தொழில்" என்றார்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குள் தரையைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். ஷிப்டு முடிந்து மேலே வருவது, வீட்டுக்குப் போவது, மறுபடியும் இறங்குவது. கட்டைகள் நிற்கும் இடத்தை மட்டும் திட்டுத் திட்டாக விட்டுவிட்டு, நடுவில் இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரிப் பாதைகள் வெட்டினார். வாசலுக்கு வெளியே மண் மலையாகக் குவிந்தது. அந்த மண்ணில் இரண்டு மூன்று வெள்ளைக் கற்கள் கிடந்தன. வினை அங்கேதான் வந்தது.

எங்கள் ஊரில் வெள்ளைக் கல்லில்தான் தங்கம் இருக்கும் என்பது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முட்டு மேஸ்திரி எதற்காக இடிந்த வீட்டை வாங்கினார்? எதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே தோண்டுகிறார்? மூன்றாம் நாள் ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. மேஸ்திரியின் அடுப்பங்கரைக்குக் கீழே தங்கம் ஓடுகிறது! நாலாம் நாள் அதன் அகலம் ஓர் அடி. ஐந்தாம் நாள் மூன்றடி. ஆறாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

நான் அப்போது அங்கே இருந்தேன். இன்ஸ்பெக்டருக்குப் பெரிய தலைப்பாகை. இரண்டு கான்ஸ்டபிள்களோடு விறைப்பாக உள்ளே நுழைந்தார். முதல் உத்தரத்தில் தலைப்பாகை போயிற்று. இரண்டாவதில் தலை.

"தலை பத்திரம் சாமி" என்றார் மேஸ்திரி, மோதியதற்கு அப்புறம்.

"எங்கேய்யா அந்தத் தங்கம்?" என்று நிமிர்ந்தார் இன்ஸ்பெக்டர். மூன்றாவது.

"தங்கம் இல்ல சாமி, என் பொண்டாட்டி. அவ நிமுந்து நடப்பா. அதுக்காகத்தான் தோண்டறேன்."

இது எந்த இன்ஸ்பெக்டருக்காவது புரியக்கூடிய வாக்குமூலமா? வெள்ளைக் கற்களைத் துணியில் முடிந்துகொண்டு போய்ச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். முடிவு தெரிகிற வரைக்கும் மேஸ்திரி கேஜில் ஏறக்கூடாது என்று உத்தரவும் வந்தது.

சிரிக்கத்தான் சொல்கிறேன், ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்தக் காலத்தில் கையில் குன்றிமணியளவு சுரங்கத் தங்கத்தோடு பிடிபட்டால் ஜெயில். வேலை போகும், வீடு போகும். ஒன்பது நாள், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் மேஸ்திரி வந்து என் ஜன்னலுக்கு எதிரே நிற்பார். "என் பேரு எழுதலாம்னு இன்னும் சொல்லலையா ரைட்டரே?" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். அப்படியே ஓரமாக உட்கார்ந்திருப்பார். அந்த ஒன்பது நாளில் அவர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. டைம் ஆபீஸ் கூரையைக்கூட.

பத்தாம் நாள் பதில் வந்தது. வெறும் கல். மருந்துக்குக்கூடத் தங்கம் இல்லை. இன்ஸ்பெக்டரே வந்து, வாசலுக்கு வெளியே எட்டி நின்றுகொண்டு, கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே வரச் சொல்லி மேஸ்திரி எவ்வளவோ வருந்தி அழைத்தும் வரவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. சோதனை முடிவு வருவதற்கு முன்னால் ஊர் ஜனங்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கூடையில், சாக்கில், முந்தானையில், எதில் முடியுமோ அதில் அள்ளிக்கொண்டு போய் வீட்டில் வைத்து மண்ணை அலசிப் பார்த்திருக்கிறார்கள். மேஸ்திரி திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஒரு பிடி மண் இல்லை. அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"வண்டி வெச்சு அள்ளிப்போட்டிருந்தா எவ்ளோ ஆயிருக்கும் ரைட்டரே! மிச்சம்!"

அந்த வாரமே பச்சையம்மாவுக்கு ஆளனுப்பினார். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இறங்கிய பச்சையம்மாவை அன்றுதான் நான் முதல் தடவை பார்த்தேன். நல்ல உயரம். தலையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதைப் பிடிக்கக் கைகூட உயரவில்லை. அவ்வளவு நிமிர்வு. வீட்டுக்கு வந்ததும் உள்ளே போகவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, முன்பக்கத்துச் சுவரில் முதுகைக் கொடுத்துக் காலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். சுவர் நின்றது. பச்சையம்மா சிரித்தார். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ராஜ்யத்தைப் பிடித்த பெருமை இருந்தது.

பச்சையம்மா குனிந்து இரண்டு படி உள்ளே இறங்கினார். நாலா பக்கமும் பார்த்தார்.

"இன்னாங்க இது, வீட்டுக்குள்ள தோப்பு வெச்சிருக்கீங்க?"

சண்டை மறுநாளே ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி ஷிப்டுக்குப் போனதும் பச்சையம்மா உலக்கையால் ஓர் ஆப்பைத் தட்டி, ஒரு கட்டையைச் சாய்த்து, பிளந்து அடுப்பில் வைத்துவிட்டார். கூரை ஒன்றும் விழவில்லை. சோறும் நன்றாக வெந்தது. மேஸ்திரி வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். இருபத்தாறு! உடனே வெளியே போய், எங்கிருந்தோ ஒரு கட்டையைக் கொண்டுவந்து அதே இடத்தில் நிறுத்துவார். மறுநாள் அவர் போனதும் வேறொரு கட்டை அடுப்புக்குப் போகும். இப்படிப் பத்து நாளுக்கு மேல் நடந்தது. மர யார்டுக்காரர்கள், மேஸ்திரி வீட்டில் கரையான் புற்று இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தபோது அது வெடித்தது.

"தட்டெடுத்துக்கினு வந்தா கட்டைல இடிக்குது. பாய் போட்டா கட்டை. உக்காந்து தலை வாரினா கட்டை. உங்களுக்கு நான் வேணுமா, கட்டை வேணுமா? இந்த ரைட்டர் தம்பி எதுர சொல்லுங்க!"

மேஸ்திரி எழுந்து வெளியே போய்க் கறுப்பு ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பச்சையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க தம்பி, இன்னா மனுசன் இது! வாயத் தொறந்து ஏன்னு சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?" என்றார். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

நாலைந்து நாள் கழித்து டைம் ஆபீஸ் விலாசத்துக்கு பச்சையம்மாவின் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார். 'அங்கே உனக்குச் சரிப்படவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லியனுப்பு, நானே வந்து அழைத்துக்கொண்டு போகிறேன்' என்று எழுதியிருந்தது. பச்சையம்மாதான் முன்னே ஏதோ சொல்லியனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது. பச்சையம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமல் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நல்ல வேளை, மழை வந்து என்னைக் காப்பாற்றியது.

மழை என்றால், தகரத்தின்மேல் யாரோ வண்டி வண்டியாகக் கருங்கல்லைக் கொட்டுவது மாதிரி. பானைக்குள் விழுந்த மூடி என்று சொன்னேனே, அந்த மூடிக்கும் பானைக்கும் நடுவில் இருந்த சந்தில் தண்ணீர் நாலு சுவரிலும் அருவியாக இறங்கியது. இரண்டடி பள்ளத்தில் கட்டிய வீடு. வாசலுக்கு வெளியே ஓடிய தண்ணீரும், இங்கே இடம் இருக்கிறதே என்று படியிறங்கி உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால்கள் நிரம்பி, முட்டுகள் நின்ற திட்டுகள் தீவுகளாகிவிட்டன. ஆடு ஒரு தீவில் ஏறிக்கொண்டது. நான் ஒரு தீவில். பச்சையம்மா சேலையைச் சொருகிக்கொண்டு குடத்தால் இறைக்க ஆரம்பித்தார். வெட்கம் வந்து நானும் இறங்கினேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பொத்.

பின்பக்கத்துச் சுவர், அந்த நோஞ்சான் சுவர், மெதுவாக, யாருக்கோ வணக்கம் சொல்வது மாதிரி வெளிப்பக்கமாகக் குனிந்து, அப்படியே படுத்துவிட்டது. சுவர் இருந்த இடத்தில் இப்போது பூதிகோட்டைப் பாதை தெரிந்தது. தலையில் கோணி போட்டுக்கொண்டு போன ஒரு வழிப்போக்கர் நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம்.

மேலே தகரம் ஒரு தடவை முனகியது. நான் ஒரு கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட்டேன். பச்சையம்மாவும் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முனகல் நின்றது. கூரை ஓர் அங்குலம் அசையவில்லை. பச்சையம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அப்புறம் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று புரிந்தது.

'உன் வீடு விழுந்துட்டுதாம்' என்று யாரோ ஷாப்ட் என்ற சுரங்கக் குழியின் வாசலில் சொல்லியிருக்கிறார்கள். கேஜிலிருந்து இறங்கிய மேஸ்திரி அப்படியே ஓடி வந்தார். இடிந்த பக்கத்து வழியாக அவர் வருவதை நான் பார்த்தேன். நிமிர்ந்து ஓடி வந்தார். அவ்வளவு உயரமான மனிதர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதே ஓட்டத்தில் வந்து, தன் கையால் போட்ட உத்தரத்தில் தானே மடேர் என்று மோதிக்கொண்டார்.

"குனிங்க, குனிங்க! உங்க வீடுதானே" என்றார் பச்சையம்மா. சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல்.

மேஸ்திரி நெற்றியைத் துடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் நடந்து ஒவ்வொரு கட்டையாகத் தொட்டார். எல்லாவற்றையும் தொட்ட பிறகுதான் மனைவியின் தோளைத் தொட்டார்.

"உனக்கு ஒண்ணும் ஆவலையே பச்ச?"

"செவுருதான் போச்சு. முட்டு நிக்குது."

அவ்வளவுதான், மனிதர் அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பார்க்காமல், ஏதோ ஒரு கட்டையைப் பார்த்துப் பேசினார்.

"நான் வேலைக்கு வந்த புதுசு. வேற ஒரு ஷாப்டுல, அண்ணனும் நானும். ஒரு எடத்துல தட்டினேன். பொத்துனு கேட்டுது. இன்னொரு முட்டு வெக்கணும்னு தெரிஞ்சுது எனக்கு. ஷிப்டு முடியப் போவுதே, நாளைக்கு வெச்சுக்கலாம்னு வுட்டுட்டேன். அண்ணன் அங்கதான் குந்திக்கினு வெத்தல போட்டுக்கினு இருந்தான்."

ஐந்து வருஷம் அவரைத் தினமும் பார்த்தவன் நான். அவர் தட்டியதற்கெல்லாம் சிரித்தவன். ரிஜிஸ்தரைத் திறந்தால் அவர் பெயருக்கு நேரே எத்தனையோ விவரம் இருக்கும். இது அதில் இல்லை.

பச்சையம்மா குடத்தை அவர் கையில் கொடுத்தார்.

"எழுந்துருங்க. மொதல்ல தண்ணிய எறைங்க."

மூன்று பேரும் இறைத்தோம். கடிதம் என் சட்டைப் பையிலேயே கூழாகிவிட்டது. மீதியைப் படிக்கச் சொல்லிப் பச்சையம்மா கேட்கவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து அந்த வீட்டுக்குப் பச்சையம்மாதான் மேஸ்திரி. விழுந்த சுவரை எழுப்ப வேண்டும், கூரை சுவருக்கு மேலே போக வேண்டும், நீளக் கட்டை வாங்க வேண்டும், தரையைத் தூர்க்க வேண்டும். எல்லாம் உத்தரவு. தூர்க்க மண் எங்கே? ஊர் ஜனங்கள்தான் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களே! முட்டு மேஸ்திரி கூடையோடு லைன் லைனாகப் போய், "எம் மண்ணு கொஞ்சம் குடுங்கப்பா, தங்கம் எடுத்துக்கினு மண்ணக் குடுத்தாப் போதும்" என்று வீட்டுக்கு வீடு கேட்டார். நிறைய அள்ளிய ஒருவர் அந்த மண்ணைக் குழைத்துத் தன் வீட்டுக்கு ஒரு சுவரே வைத்திருந்தார். மேஸ்திரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சத்தம். இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். மண்ணை வெங்கடப்பாவிடம் விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று.

எத்தனை முட்டு என்பதற்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் பஞ்சாயத்து நடந்தது. நான்தான் நடுவர். பச்சையம்மா நாலு என்றார். மேஸ்திரி இருபத்தேழிலிருந்து இறங்க மாட்டேன் என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபது, பின்னால் பதினைந்து. சாயங்காலம் ஒன்பதில் வந்து நின்றது. பத்தாவதாக ஒன்றைப் பச்சையம்மாவே தூக்கி வந்தார். அதை, மேஸ்திரி ஷிப்டு முடிந்து வந்து உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். ஆப்பையும் பச்சையம்மாவே அடித்தார்.

வேலையெல்லாம் முடிந்தபோது வெங்கடப்பா வந்து பார்த்தார். "சாமி, இதுக்குப் புது வீடே ரெண்டு கட்டியிருக்கலாமே!" என்றார்.

"கட்டியிருந்தா நான் பாட்டுக்கு ஆள வெச்சிருப்பேன். இவகூட நின்னு மண்ணு மிதிச்சிருப்பனா? அது மிச்சம்தானே?" என்றார் மேஸ்திரி. பச்சையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டை விரட்டினார்.

மறு வருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. கம்பெனியில் வீடு கிடைக்கிற வரைக்கும் எங்கே போய்க் குடித்தனம் வைப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, பச்சையம்மா வந்து என் மனைவியின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். முன்பக்கத்து அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். இரண்டே மாதம் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம். எங்கள் பெரிய பெண் அந்த அறையில்தான் பிறந்தாள். அவள் பிறந்த அன்று மேஸ்திரி ஷிப்டுக்குப் போகாமல் நாள் முழுக்க வெளியே குந்தியிருந்தார். உள்ளே கூப்பிட்டதும் குனிந்து வந்து, கழுத்து நிற்காத குழந்தையின் தலைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கச் சொல்லி நாங்கள் மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது.

ஏழு வருஷம் இருந்தோம் அந்த வீட்டில். அத்தனை வருஷத்தில் உங்களுக்கு வேறு வீடு கிடைக்கவில்லையா என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள்.

நான் தேடவே இல்லை.